தணிக்கையாளர் வாசித்த நற்செய்தி

ஜனவரி 30 காந்தியடிகள் மறைந்த நாள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1960-ஆம் ஆண்டில், அதே ஜனவரி 30 அன்று சென்னையில் ஜே.சி. குமரப்பா மறைந்தார். காந்தியப் பொருளியல் என்னும் தொடரைக் கேட்ட எவரும் அவர் பெயரையும் கேட்டிருப்பர். தற்சார்பு, கிராமக் கைத்தொழில், இயற்கை வேளாண்மை என்று பேசும் இளைஞர்கள் அண்மைக் காலத்தில் அவரை மீண்டும் வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆயினும், அவர் தம் பொருளியலைக் கட்டி எழுப்பியபோது அவர் கையில் வேதாகமம் இருந்தது என்பதைப் பேசுவோர் அரியர். காந்தியர்கள் அவருடைய கிறிஸ்தவத்தைப் பிறப்புக் குறிப்பாகக் கருதிக் கடந்துவிடுகிறார்கள். திருச்சபையினரோ அவருடைய பொருளியலைத் தங்களுக்குத் தொடர்பில்லாத ஒரு துறையென ஒதுக்கிவிடுகிறார்கள். இரு சாராரும் ஒருவரைப் பாதியாக வெட்டி, வேண்டிய பாதியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே என் எண்ணம்.

நான் 30 ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொது நிதியியல் கற்பித்தவன். எங்கள் பாடத்திட்டத்தில் அமெரிக்கப் பேராசிரியர் செலிக்மனின் பெயர் இருந்தது. அவரிடம் பயின்று, இந்திய வறுமைக்கும் அரசாங்க வரவு செலவுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த தஞ்சாவூர்க்காரரின் பெயர் இருந்ததில்லை.

ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தார். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாயார் எஸ்தர் ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். பிள்ளைகளின் வாழ்வில் அவருடைய செல்வாக்கே மிகுதி. லண்டன் சென்று கணக்கியல் பயின்ற செல்லத்துரை, பட்டயக் கணக்கராகத் தேர்ச்சி பெற்று, முதல் உலகப் போருக்குப் பின் நாடு திரும்பிப் பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். நடை, உடை, உணவு, பேச்சு அனைத்திலும் முழு ஆங்கிலேயர். பிரிட்டிஷ் ஆட்சியின்மீது அவருக்கு மனத்தாங்கல் ஏதும் அப்போது இருந்ததாகத் தெரியவில்லை. வளமான தொழில், நல்ல வருவாய், ஞாயிறு தவறாத ஆலய வழிபாடு. அக்காலத்து மேட்டுக்குடிக் கிறிஸ்தவ வாழ்வின் இலக்கணம் அது. இக்காலத்தில் அது பெரிதும் மாறிவிட்டதா என்பது வேறு கேள்வி.

திருப்பம் அமெரிக்காவில் நேர்ந்தது. 1927-இல் அங்குச் சென்ற அவர், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை பயின்றார். பின்னர் கொலம்பியாவில் பொது நிதியியல். அந்நாட்களில் ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமைக்குக் காரணம் என்ன என்பது பற்றி உரையாற்றினார். நாளிதழ் ஒன்றில் அந்த உரை செய்தியாக வந்தது. அதைப் படித்த செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளும்படி தம் மாணவரைத் தூண்டினார். ஆய்வு வளர வளர, எண்கள் தாமே பேசத் தொடங்கின. மக்களிடம் வசூலித்த வரியில் எத்தனை பங்கு ராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் அதிகாரிகளின் ஊதியத்துக்கும் சென்றது, எத்தனை பங்கு கல்விக்கும் பாசனத்துக்கும் உடல்நலத்துக்கும் திரும்பியது என்று வரிசைப்படுத்திப் பார்த்தபோது, ஆட்சி என்பது அவர் கண்ணில் ஒரு மோசடிக் கணக்காகத் தோன்றியது. அரசியல்வாதிகளின் மேடைப் பேச்சு அவரை மாற்றவில்லை. ஒரு தணிக்கையாளரின் பேனா மாற்றியது.

ஆய்வேட்டுடன் நாடு திரும்பியவர் 1929 மே மாதத்தில் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். சாணம் மெழுகிய தரையில், மரத்தடியில் முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். சந்திப்புக்குக் குறித்த நேரத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தமையால், மேல்நாட்டு உடையணிந்த விருந்தினர் கைத்தடியை ஊன்றியபடி நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்முதியவரே காந்தி என்று பிறகுதான் தெரிந்தது. கால்சட்டையுடன் தரையில் அமர்வது அவருக்கு எளிதாக இல்லை, அமர்ந்தார். அந்த ஆய்வேடு 'யங் இந்தியா' இதழில் தொடராக வந்தது. அதே காலத்தில்தான் கொர்னேலியஸ் என்ற பெயரை நீக்கி, குடும்பத்தின் முன்னோர் பெயரான குமரப்பா என்பதை ஏற்றார். ஞானஸ்நானத்தை அவர் கைவிடவில்லை; ஐரோப்பிய உடுப்பை மட்டுமே கழற்றினார். இந்த வேறுபாட்டை அவருடைய உறவினர் பலரும் திருச்சபைத் தலைவர் பலரும் அன்று உணரவில்லை.

அந்த உணராமையோடு அவர் நேரடியாகவே மோத நேர்ந்தது. 1930-இல் உப்புச் சத்தியாகிரகம் எழுந்தபோது, இந்தியாவின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்தவர் ஃபாஸ் வெஸ்ட்காட். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தைப் பதிப்பித்த மாபெரும் அறிஞரின் மகன். சட்டமறுப்பு கிறிஸ்தவ நெறிக்கு உகந்ததன்று என்பது பேராயரின் நிலை. குமரப்பா அவருக்கு எழுதினார். தீமையைத் தீமையால் எதிர்க்காதிருக்கச் சொன்ன மலைப்பிரசங்கத்தை உப்பளங்களின் ஓரத்தில் தடியடி பட்டும் கை ஓங்காத சத்தியாகிரகிகள் கடைப்பிடிக்கும்போது, அந்தப் பிரசங்கத்துக்கு உரியோர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்கள் தடியின் பக்கம் நிற்பது எவ்வாறு என்பதே அவர் வாதத்தின் சாரம். அரசாங்க ஊதியமும் அரசாங்கப் பாதுகாப்பும் பெறும் திருச்சபை, பேரரசை எவ்வாறு கண்டிக்கும் என்ற கேள்வியும் அதில் உள்ளடங்கியிருந்தது. பேராயர் தீயவர் அல்லர், நேர்மையானவர், இரக்கமுள்ளவர். அதனால்தான் அந்த மடல் போக்குவரத்து இன்றும் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. நல்லவர்களும் தாம் அமர்ந்திருக்கும் நாற்காலியின் உயரத்திலிருந்தே வேதத்தை வாசிக்கிறார்கள்.

காந்தி அவரிடம் முதலில் ஒப்படைத்த பணி குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் கிராமப் பொருளாதார ஆய்வு. குஜராத் வித்யாபீட மாணவர்களுடன் வீடு வீடாகச் சென்று வருவாய், செலவு, கடன், கால்நடை, கிணறு எனக் கணக்கெடுத்தார். இந்தியாவில் முறையாக நடந்த தொடக்ககாலக் கிராம ஆய்வுகளுள் அது ஒன்று. பின்னர் மத்திய மாகாணங்களில் அவர் தலைமையில் நடந்த தொழில் ஆய்வு 600-க்கும் மேற்பட்ட கிராமங்களைத் தொட்டது. பொருளியலில் களப்பணி என்பதே அரிதாக இருந்த காலம் அது. இடையிடையே சிறைவாசம், 'யங் இந்தியா' இதழை நடத்தியதற்காகவும் அவர் சிறை செல்ல வேண்டியிருந்தது.

1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த நிவாரணக் குழுவுக்கு நாடெங்கிலுமிருந்து நன்கொடை குவிந்தது. அதன் கணக்கைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர்களின் அன்றாட உணவுச் செலவுக்கு அணாக் கணக்கில் வரம்பு விதித்தார். ஒவ்வொரு மோட்டார் வண்டியின் ஒவ்வொரு பயணத்துக்கும் குறிப்பேடு. காந்தியும் அவர் குழுவினரும் பீகாருக்கு வந்தபோது, அவர்களுடைய உணவுக்கும் பெட்ரோலுக்கும் நிவாரண நிதியிலிருந்து ஒரு காசும் தர இயலாது என்று மகாதேவ் தேசாயிடம் முன்னதாகவே தெரிவித்துவிட்டார். அந்த நிதி வீடிழந்தோருக்காகக் கொடுக்கப்பட்டது. வருகை தருவோருக்காக அன்று. செய்தி காந்திக்குச் சென்றது; அவர் அதை ஏற்றார்.

இந்த நிகழ்ச்சியைக் கண்டிப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் செயல்முறை விளக்கமாகப் படுகிறது. இறுதித் தீர்ப்பைப் பற்றி இயேசு சொன்ன அந்தப் பகுதியில், தீர்ப்பளிப்பவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். எந்தக் கோட்பாட்டை நம்பினாய், எத்தனை முறை ஜெபித்தாய், எந்தச் சபையில் உறுப்பினனாக இருந்தாய் என்ற கேள்வி ஒன்றுகூட இல்லை. பசித்தவனுக்கு உணவு, தாகமுற்றவனுக்குத் தண்ணீர், ஆடையற்றவனுக்கு ஆடை, அந்நியனுக்கு இடம், நோயாளியையும் சிறைப்பட்டவனையும் சென்று கண்டது. அவை எண்ணிப் பார்க்கக்கூடிய, சரிபார்க்கக்கூடிய செயல்கள். ஒரு தணிக்கையாளர் நற்செய்தியை வாசித்தால் இந்தப் பக்கத்தில்தான் அவருடைய விரல் நிற்கும். நிவாரண நிதியிலிருந்து ஓர் அணா வேறு வழியில் போனால், அது கணக்குப் பிழை மட்டுமன்று. பசித்திருந்த ஒருவரின் தட்டிலிருந்து எடுக்கப்பட்ட கவளம்.

இன்று திருச்சபைகளின் சொத்துகள் பற்றியும் அவற்றின் நிர்வாகத் தேர்தல்கள் பற்றியும் நீதிமன்றங்களில் எத்தனை வழக்குகள் நிலுவையில் உள்ளன என்பதைச் செய்தித்தாள் வாசிப்போர் அறிவர். ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்பவரை, விசுவாசக் குறைவுள்ளவர் என்று பார்க்கும் கண்களை நானே என் ஊரில் கண்டிருக்கிறேன். கணக்குக் கேட்பது விசுவாசத்துக்கு எதிரானது என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? ஆமோஸ் தீர்க்கதரிசி கள்ளத் தராசையும் சிறுத்துப்போன மரக்காலையும் பற்றிப் பேசியபோது, அவர் வழிபாட்டை விட்டு விலகி எதையோ பேசுகிறார் என்றுதான் அக்காலத்து ஆலயத்தாரும் நினைத்திருப்பர்.

1934-இன் இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கப்பெற்றது. வார்தாவின் மகன்வாடியில் அதன் அமைப்பாளராகக் குமரப்பா ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கையால் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு, மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு, மலத்தை எருவாக்கும் முறை என ஒவ்வொன்றிலும் சோதனை. ஆலையில் தீட்டிய அரிசியில் இழக்கப்படும் சத்து எவ்வளவு, ஒரு நெல் ஆலை வந்தால் வேலையிழக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியவர் அவர். நாங்கள் வகுப்பறையில் முதலாவதைச் சத்துணவியலுக்கும் இரண்டாவதைத் தொழிலாளர் பொருளியலுக்கும் பிரித்து அனுப்பிவிடுவோம். 1938-இல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் உறுப்பினரானார். பெருந்தொழிலே வழி என்று முன்கூட்டியே முடிவெடுத்த இடத்தில் தமக்கு வேலையில்லை எனக் கண்டு சில மாதங்களில் விலகினார்.

அவருடைய சிந்தனையில் மிகக் கூர்மையான இடம் நுகர்வோரின் பொறுப்பு. கடையில் ஒரு பொருளை வாங்கும்போது விலையைக் கொடுத்ததும் நம் கடமை தீர்ந்தது என்பதுதான் பாடநூல்களின் எடுகோள். குமரப்பா அதை ஏற்கவில்லை. திருட்டுப் பொருளென்று அறிந்து வாங்குபவனும் குற்றத்தில் பங்காளி எனச் சட்டம் சொல்கிறது. அவ்வாறெனில் அடிமை உழைப்பில் விளைந்த கொக்கோவை அருந்துபவன் யார் என்று கேட்டார். அந்நாளில் மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டங்களின் நிலை அவர் மனத்தில் இருந்தது. தொலைவிலிருந்து வரும் பொருளின் பின்னணியை நாம் அறிய முடியாது. அறிய முடியாத இடத்தில் பொறுப்பேற்கவும் முடியாது. ஆகவே, நம் கண்ணுக்கு எட்டும் வட்டத்தில் விளைந்ததை வாங்குவதே அறவழி என்பது அவர் முடிவு. சுதேசி என்பது அவருக்கு நாட்டுப்பற்றின் பெயரால் வந்ததன்று. மனச்சான்றின் கை எட்டும் தூரம் எவ்வளவு என்ற கேள்வியிலிருந்து வந்தது.

இதற்குப் பின்னால் பரமண்டல ஜெபம் இருக்கிறது. உலகெங்கும் நாள்தோறும் கோடிக்கணக்கானோர் சொல்லும் அந்தச் சிறு ஜெபத்தில் அன்றாட உணவுக்கான வேண்டுதல் உண்டு. அந்த வேண்டுதல் ஒருமையில் இல்லை, பன்மையில் இருக்கிறது. எனக்கு மட்டும் என்று எவரும் அதைச் சொல்ல முடியாது. நாளைக்கும் மறுநாளைக்கும் சேர்த்து என்றும் சொல்ல முடியாது. பிறருடைய உணவைப் பறித்துவிட்டு, எங்கள் உணவைத் தாரும் என்று வேண்டுவது ஜெபமாகாது என்பதைக் குமரப்பா விடாமல் வலியுறுத்தினார். திருவிருந்தில் பிட்கப்படும் அப்பத்தையும் அவர் அவ்வாறே பார்த்தார். மாதம் ஒருமுறை பீடத்தின் முன் மண்டியிட்டுப் பெறுவதோடு அது முடிந்துவிடுவதில்லை. வீட்டில் ஒவ்வொரு வேளையும் உண்ணும் உணவில் யாருடைய உழைப்பு, யாருடைய இரத்தம் கலந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே அந்த நினைவுகூர்தல்.

இதை இன்றைய வாழ்வில் பொருத்திப் பார்க்க அதிக முயற்சி தேவையில்லை. நம் சட்டைப்பையிலுள்ள கைபேசியின் மின்கலத்துக்கான கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்குச் சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் வேலை செய்வது உலகறிந்த செய்தி. அந்தக் கைபேசியிலேயே வேதாகமச் செயலியும் இருக்கிறது. காலையில் அதில் வசனம் வாசிக்கிறோம். இதை ஏளனமாக எழுதவில்லை, நானும் அவ்வாறே வாசிப்பவன். ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், பத்து நிமிடங்களில் உணவு கொண்டுவர வேண்டிய இளைஞன் வெயிலில் வண்டியை விரட்டிக்கொண்டு வருகிறான். அவனுக்கு விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது எந்த ஒப்பந்தத்திலும் தெளிவாக இல்லை. குமரப்பாவின் கேள்வி நம் மேசையில் இன்னும் அப்படியே இருக்கிறது. அவருடைய விடை, அதாவது கண்ணுக்கு எட்டும் வட்டத்துக்குள் வாழ்வது, இன்று பெரும்பாலோருக்கு இயலாது என்றே நினைக்கிறேன். விடை பொருந்தாமற் போனதால் கேள்வி தள்ளுபடியாகிவிடாது.

இரண்டாம் உலகப் போரின்போது அவருடைய பொருளியலும் வேதாகமமும் ஒரே கட்டுரைத் தலைப்பில் சந்தித்தன. அப்பம் கேட்கும் மகனுக்குக் கல்லைக் கொடுக்கும் தகப்பன் உண்டோ என்று இயேசு வினவியது மத்தேயு நற்செய்தியில் உள்ளது. அந்த உருவகத்தைத் தலைப்பாகக் கொண்டு, போர்க்கால நிதி ஏற்பாட்டை அவர் தாக்கினார். அந்த ஏற்பாடு இவ்வாறு நடந்தது. பிரிட்டன் தன் போருக்காக இந்தியாவிலிருந்து தானியமும் துணியும் தளவாடமும் எடுத்துச் சென்றது. அதற்குரிய விலை இந்தியாவுக்கு வந்து சேரவில்லை. லண்டனில் இந்தியாவின் பெயரில் ஸ்டெர்லிங் வரவாக எழுதிவைக்கப்பட்டது. அந்த வரவை ஈடாகக் காட்டி, இந்தியாவில் ரூபாய் நோட்டு அச்சிடப்பட்டது. பொருள் வெளியே போயிற்று. தாள் உள்ளே பெருகிற்று. விலைகள் ஏறின. போர் முடிந்தபோது லண்டனில் இந்தியாவுக்குச் சேர வேண்டியிருந்த தொகை ஏறத்தாழ 130 கோடி பவுண்டு. இடையில் 1943-இல் வங்காளப் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அப்பமும் கல்லும் என்பது அலங்காரம் அன்று; பணவீக்கத்தின் இலக்கணத்தை நான் படித்த எந்தப் பாடநூலும் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் புரட்சிக் காலத்தில் மீண்டும் சிறைப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையில் எழுதிய இரு நூல்கள் 1945-இல் வெளிவந்தன. ஒன்று இயேசுவின் போதனையும் வாழ்வும் பற்றியது. மற்றது 'நிலைத்த பொருளாதாரம்' பற்றியது. இரண்டுக்கும் காந்தி முன்னுரை தந்தார். பாதி விளையாட்டாகவும் பாதி உண்மையாகவும் தம் தோழருக்கு இறையியல் முனைவர், கிராமத் தொழில் முனைவர் என்று இரு பட்டங்களும் வழங்கினார். இவ்விரண்டையும் தனித்தனி நூல்களாகப் படிப்பது பிழை. ஒரே கையெழுத்துப் படியின் இரு பக்கங்கள் அவை.

நிலைத்த பொருளாதாரம் என்ற நூலில் உயிரினங்களை வைத்தே பொருளாதாரங்களை வகைப்படுத்துகிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலியைப் போன்றது ஒட்டுண்ணிப் பொருளாதாரம். உழைப்பு எதையும் தராமல் மாந்தோப்பில் பறித்துண்ணும் குரங்கைப் போன்றது சூறையாடும் பொருளாதாரம். கூடு கட்டி வாழும் பறவையினுடையது முயற்சிப் பொருளாதாரம். கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீக்களுடையது கூட்டுப் பொருளாதாரம். எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவையினுடையது தொண்டுப் பொருளாதாரம். இயற்கையின் வளங்களையும் இருவகையாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம் போல எடுக்க எடுக்கக் குறையும் சேமிப்பு ஒன்று. காற்று, ஓடும் நீர், வளரும் மரம் போல ஆண்டுதோறும் வரும் வரவு மற்றொன்று. சேமிப்பை அழித்து வாழும் நாடுகள் அதைக் கைப்பற்றப் போரிட்டே தீரும் என்றார். அணுகுண்டு வெடித்த ஆண்டில் வெளிவந்த நூல் இது. கணக்கியல் படித்த எவருக்கும் இதன் வேர் புரியும்: மூலதனத்தைச் செலவழித்துவிட்டு அதை வருமானம் என்று எழுதுவது தவறு. 1973-இல் ஷூமாக்கர் எழுதிய 'சிறியதே அழகு' என்ற நூலில் குமரப்பாவின் பெயர் இடம்பெற்றது. 2015-இல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழல் குறித்துச் சுற்றுமடல் வெளியிட்டபோது உலகம் வியந்து வரவேற்றது. எழுபது ஆண்டுகளுக்கு முன் ஜபல்பூர்ச் சிறையில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் அதே நிலத்தில் உழுதிருந்தார்.

இவ்வளவும் சொன்ன பின், அவரோடு நான் முரண்படும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். குமரப்பாவின் கிராமத்தில் சாதி போதிய வெளிச்சத்தில் இல்லை. துப்புரவுப் பணியைத் தாமே செய்தவர்; தீண்டாமையை வெறுத்தவர்; ஐயமில்லை. ஆனால் செக்கு யாருடையது, கிணற்றில் யார் இறங்கலாம், நிலம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகள், கிராமத்தை ஒரு பொருளாதார அலகாக அவர் வரையும்போது பின்னுக்குச் சென்றுவிடுகின்றன. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைப் பற்றிச் சொன்ன கடுமையான சொற்கள் இந்த இடைவெளியைத்தான் சுட்டின. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுள் பெருந்தொகையினரின் பாட்டன்மார், கிராமம் தமக்கு மறுத்த மனித மதிப்பைத் தேடியே திருச்சபைக்குள் வந்தவர்கள். பள்ளிக்கூடம், இரயில், நகரம், ஆலை வேலை ஆகியன அவர்களுக்குச் சுரண்டலாக மட்டும் தோன்றவில்லை. தப்பிக்கும் வாயிலாகவும் தோன்றின. தஞ்சாவூரின் படித்த குடும்பத்தில் பிறந்தவருக்கு இது முழுமையாகப் புலப்படாமற் போயிருக்கலாம். அவர்கள் வந்து சேர்ந்த திருச்சபையிலும் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் எழுந்தது என்பது, அவருடைய குறையைவிடப் பெரிய குறை.

ஆனால் அவர் இந்தக் கேள்வியை அறவே தொடாதவரும் அல்லர். விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவராக 1949-இல் அவர் அளித்த அறிக்கை, இடைத்தரகர் ஒழிப்பையும் உழுபவருக்கு நிலத்தையும் பரிந்துரைத்தது. ஒரு குடும்பம் உழைத்து வாழப் போதுமான நிலம் எவ்வளவு என்று கணித்து, அதைப் போல் மூன்று மடங்குக்கு மேல் எவரும் வைத்திருக்கக் கூடாதென உச்சவரம்பு கண்டது. திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் பற்றிய உவமை இங்கே நினைவுக்கு வருகிறது. காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த எசமானின் கதை. உழைத்த நேரம் வேறு, குடும்பம் உண்ண வேண்டிய சோறு ஒன்றே என்பதை அளவுகோலாகக் கொண்ட அந்த உவமையிலிருந்துதான் ரஸ்கின் தம் நூலுக்குப் பெயரெடுத்தார். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் செல்லும் இரயிலில் அந்நூலைப் படித்த காந்தி பிறகு அதைச் சர்வோதயம் எனத் தம் மொழியில் தந்தார். இந்தியக் கிராமத்துக்கு நில அளவு வகுத்தவரின் அறிக்கையில் அந்த உவமையின் அளவுகோல் மீண்டும் தென்படுவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. நில உடைமையாளர் நிறைந்த மாநில அரசுகள் அதைத் தொட விரும்பவில்லை.

இறுதி ஆண்டுகளில் அவரைத் தனிமை சூழ்ந்தது. 1951-இல் சீனாவுக்கும் பின்னர் சோவியத் நாட்டுக்கும் சென்றுவந்து, அங்கு நிலமற்றோருக்கு நடந்த நன்மைகளை வெளிப்படையாகப் பேசியதால், பொதுவுடைமையாளரின் கருவியாகிவிட்டார் என்றனர் பழைய தோழர்கள். இரத்த அழுத்தம் வாட்டியது. திருமணம் செய்துகொள்ளாதவர், சொத்து என்று ஏதும் சேர்க்காதவர். மதுரைக்கும் இராஜபாளையத்துக்கும் இடையிலுள்ள தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு குடிலில் தங்கினார். உடல் இடம்கொடுத்த நாட்களில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சென்று உழவர்களோடு பேசினார்.

அந்தக் குடிலின் சுவரில் ஏழைக் கிராமத்தான் ஒருவனின் படம் தொங்கியதாகச் சொல்வார்கள். அது யார் என்று கேட்டவருக்கு, தம் தலைவருக்குத் தலைவர் என்று அவர் விளக்கினாராம். தமக்குத் தலைவர் காந்தி, காந்திக்குத் தலைவர் இவர். மத்தேயு 25-இல் பாராட்டப்பட்டவர்களும் கண்டிக்கப்பட்டவர்களும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: உம்மை எப்போது கண்டோம் என்று இரு சாராரும் வியக்கிறார்கள். கல்லுப்பட்டிக் குடிலில் அந்தப் படம், கண் விழித்ததும் தெரியும் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்றே நான் எண்ணிக்கொள்கிறேன்.